மேசைக்கு அடியில் நாற்பத்தேழு நொடி

கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். "பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தேர்வர் மேசைக்கு அடியில் போனார். நாற்பத்தேழு நொடி அங்கேயே இருந்தார். அந்த நேரத்தில் இன்னொரு நபரிடம் தணிந்த குரலில் பேசி விடைகளைப் பெற்றார் என்று சந்தேகிக்கப்படுகிறது."

சுகாதார நிலையத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெண்ணெய்ப்பழ மரத்தின் கீழே நின்று ஸ்கோவியா அதைத் தன் கைப்பேசியில் படித்தாள். அந்த ஓர் இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மூன்று முறை படித்தாள். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது. மூன்றாம் முறை அவள் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது.

"மேசைக்கு அடியில போறதுக்கு நான் என்ன கோழியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்கள் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவச்சி ஸ்கோவியா குரலை உயர்த்தி அவர்கள் கேட்டதில்லை.

கலுங்கு என்ற அந்த ஊரில் அவள் இருபத்திரண்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறாள். அவள் கையில் பிறந்த பெண்களே இப்போது அவளிடம் பிரசவத்துக்கு வருகிறார்கள். ஆனாலும் நிலையத்தின் பொறுப்பாளர் நாற்காலி அவளுக்குக் கிடைக்கவில்லை. பொறுப்பாளராக வர முதுகலைப் பட்டம் வேண்டும் என்று விதி வந்தபின் மூன்று பேர் வந்து போனார்கள். மூவரும் அவளைவிடச் சின்னவர்கள். மூன்றாமவன் வந்த முதல் வாரத்தில், குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில், கத்தரிக்கோல் எங்கே இருக்கும் என்று அவளிடம்தான் கேட்டான். எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவள் தாமதமாக வந்தாள் என்று அவனே எழுத்தில் விளக்கம் கேட்டான். அன்றைக்குத்தான் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. இரண்டரை வருடம்.

படித்தது எல்லாம் கிடைத்த சந்துபொந்தில். வலி எடுக்கக் காத்திருக்கும் பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாடம் கேட்பாள், ஒரு காதில் ஆசிரியரின் குரலும் மறு காதில் அந்தப் பெண்ணின் மூச்சுமாக. சமையலுக்கு மட்டோக்கே வாழைக்காய் உரிக்கும்போது வாழைப்பால் கைப்பேசியில் ஒட்டும். ஆய்வுக் கட்டுரைக்காக நானூறு தாய்மார்களின் பதிவேடுகளைப் புரட்டினாள். பதினோரு தேர்வு எழுதித் தேறினாள். மிச்சம் இருந்தது பன்னிரண்டாவது. அதை எழுதிய அன்றுதான் மேசைக்கு அடியில் போனாளாம்.

அன்று என்ன நடந்தது என்று அவளுக்கு நொடி நொடியாகத் தெரியும்.

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. கணினியின் கேமரா மூன்று மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். முகம் படச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. ஸ்கோவியா காலையிலேயே ஆட்டை அவிழ்த்துத் தூரத்தில் கொண்டுபோய்க் கட்டினாள். மகள் ரெஜினாவையும் மற்றப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். கணவன் கிஸாவைக் கடைவீதிப் பக்கம் போய் இருக்கச் சொன்னாள். கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்: தேர்வு நடக்கிறது, உள்ளே வராதீர்கள்.

ஆனால் மகன் வீட்டுக் கதவில் எழுதி ஒட்டுவதெல்லாம் தாய்க்குப் பொருந்துமா என்ன. மூன்று மணி பன்னிரண்டுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு நாலொங்கோ உள்ளே வந்தாள். கிஸாவின் அம்மா. கிஸாவுக்கு முன்னால் இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நாலொங்கோ என்றுதான் அழைக்கும். பேரனுக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. இரட்டையர் தாய்க்குச் செய்ய வேண்டிய மரியாதையில் ஓர் இம்மி குறைந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. வாடகை மோட்டார் சைக்கிளில் இருபது கிலோமீட்டர் வந்து இறங்கியிருந்தாள், கையில் வாழையிலையில் கட்டிய பொடிக்காளானோடு. மழைக்குப் பின் இரண்டு நாள் மட்டும் முளைக்கும் காளான். மருமகளுக்குப் பிடிக்கும் என்றுதான் கொண்டுவந்திருந்தாள்.

ஸ்கோவியா முப்பத்திரண்டாவது கேள்வியில் இருந்தாள். கதவுச் சத்தம் கேட்டதுதான் அவளுக்கு நினைவு. முழங்கால் தரையில் பட்டது அதற்கு அடுத்த நினைவு. இடையில் எதையும் அவள் யோசிக்கவில்லை. மூன்று வயதிலிருந்து பெரியவர்களைக் கண்டால் மடங்கிப் பழகிய கால். தண்ணீர் கொட்டினால் கண் மூடுவதைப் போல அதுவாக மடங்கியது.

மண்டியிட்ட பின் பேசாமல் இருக்க முடியாது. பொழுது எப்படிப் போனது என்று கேட்க வேண்டும். நன்றாகப் போனது என்பார்கள். உழைப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்க வேண்டும். நடுவில் இரண்டு பேரும் மாறி மாறி ம்ம் என்றும் ஏஏ என்றும் முனகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நாலு நிமிடம் ஆகும். ஸ்கோவியா பாதிக் கேள்விகளை விழுங்கினாள், ம்ம்-களை வேகமாக அடுக்கினாள், தேர்வு அம்மா என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் வாழ்நாளிலேயே அத்தனை சுருக்கமாக அவள் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை.

நாலொங்கோ காளான் பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் ஊர்த் தேவாலய வாசலில் பேச்சு கிளம்பியது. படித்த மருமகள் வணக்கத்தை அவசரப்படுத்திவிட்டாளாம். முழங்கால் தரையில் படும் முன்பே எழுந்துவிட்டாளாம். நாலொங்கோ யாரையும் திட்டவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டாள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அது திட்டுவதைவிட மோசம். மகன் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

அந்தப் பேச்சு அடங்குவதற்குள்தான் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. ஒருத்திக்கு அவள் மண்டியிட்டது போதவில்லை. இன்னொருவருக்கு அது திருட்டு.

கடிதத்தில் இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். நடந்தது ஒழுங்கீனம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் தருவார்கள். பட்டம் கிடைக்கும். குறிப்பு மட்டும் அவள் பெயருக்கு எதிரே நிரந்தரமாக இருக்கும். மறுத்தால் விசாரணை. விசாரணையில் தோற்றால் பன்னிரண்டு தேர்வும் செல்லாது, இரண்டரை வருடமும் போச்சு.

கிஸா சண்டைக்குப் போகாதவன். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். கையெழுத்துப் போட்டுவிடு என்று அன்றைக்கே சொன்னான், மறுநாளும் சொன்னான். மூன்றாம் நாள் அவள் அவனுக்கு முன்னால் மண்டியிட்டுச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ரெஜினா அம்மா, வாழ்நாள் பூரா எல்லாருக்கும் மண்டி போடுற. அவங்களுக்கும் ஒரு தடவை போட்டா என்ன தேஞ்சா போயிடும்?"

தட்டு அவள் கையில் அப்படியே நின்றது. நிலக்கடலைக் குழம்பு ஓரத்தில் வழிந்து பாயில் சொட்டியது.

"ரெஜினா அப்பா," என்றாள். "நான் உங்க முன்னால மண்டி போடுறது நீங்க யாருன்னு எனக்குத் தெரியுங்கறதால. அவங்க என்னைத் திருடின்னு சொல்றாங்க. ஆமாய்யா திருடிதான்னு சொல்லி மண்டி போடச் சொல்றீங்களா?"

தட்டைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அவன் சாப்பிட்டானா என்று அன்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் விசாரணை வேண்டும் என்று பதில் எழுதினாள்.

கோபம் அவளோடு வேலைக்கும் வந்தது. கையுறையை இழுத்து மாட்டும்போது கிழிந்தது. எடை பார்க்கும் தராசை இறக்கி வைப்பதில் சத்தம் கேட்டது. தன்மேலும் கோபம். ஒரு கையை உயர்த்தி, அம்மா, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். படிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அந்தக் காட்சியை மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கை உயர்வதற்குள் கால் மடங்கிவிட்டது.

விசாரணையும் கணினித் திரையிலேயே. காலை பத்து மணி. இந்த முறை அவள் வீட்டை நம்பவில்லை. நிலையத்தின் தடுப்பூசி அறையில் உட்கார்ந்து, வெளியிலிருந்து பூட்டச் சொன்னாள். கல்யாணத்துக்கு மட்டும் உடுத்துகிற, தோள் கூர்ந்த நீல கோமெசி அங்கியை உடுத்தி, இடுப்புக்கச்சையை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

திரையில் மூன்று முகங்கள். நடுவில் தலைவர், முனைவர் அதுஹைரே, நாட்டின் மேற்குப் பக்கத்துப் பெண், வேறு மொழிக்காரர். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி. இடப்பக்கம் தேர்வு அதிகாரி ஒருவன், இளைஞன். வலப்பக்கம் நரைத்த தலையோடு ஒரு பெரியவர். கீழே பெயர் தெரிந்தது: செங்கெந்தோ. ஸ்கோவியாவுக்கு நெஞ்சு சற்றே ஆறியது. பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, தன் சொந்த ஜனம். அவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் செங்கெந்தோ எதிரே இருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அன்றைய கேமராப் பதிவைப் போட்டான். படத்தில் காலி நாற்காலியும் சுவரும் மட்டும் இருந்தன. கீழேயிருந்து இரண்டு பெண்களின் முனகல் கேட்டது. ம்ம். ஏஏ. ம்ம். ம்ம். ஒருவர் கேள்வியைச் சொல்கிறார், மற்றவர் ஏ, எம் என்று எழுத்துகளாக விடையைச் சொல்கிறார் என்பது மென்பொருளின் கணிப்பு என்றான். எம் என்று ஒரு விடை அந்தத் தேர்வில் எங்கே இருந்தது என்று ஸ்கோவியா கேட்டாள். நாலு விடைகள்தானே கொடுத்திருந்தீர்கள். அதிகாரி தன் குறிப்பைப் பார்த்தான். அது சங்கேதமாகவும் இருக்கலாம் என்றான்.

அது என் மாமியார், நான் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன் என்றாள் அவள், ஆங்கிலத்தில். கேமராவில் மாமியார் தெரியவில்லையே என்றான் அதிகாரி. நீங்கள் வளர்ந்த பெண், அரசு ஊழியர், அவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கலாமே என்றார் அதுஹைரே. குரலில் கனிவுகூட இருந்தது. அந்தக் கனிவுதான் ஸ்கோவியாவைச் சுட்டது.

"மேடம்," என்றாள். "இருபத்திரண்டு வருஷமா பிரசவம் பார்க்கிறேன். படிச்சவங்க, படிக்காதவங்க, மந்திரி வீட்டுப் பொண்ணு, எல்லாரோட முட்டியையும் பார்த்திருக்கேன். எல்லார் முட்டியும் கறுத்துத் தடிச்சுதான் இருக்கு. உங்க முட்டியை நீங்களே ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அப்புறம் என்னைக் கேளுங்க."

தனிப்பட்ட விஷயங்கள் வேண்டாம் என்றார் தலைவர். ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஸ்கோவியா வலப்பக்க முகத்தைப் பார்த்தாள். "ஐயா, நீங்க சொல்லுங்க."

செங்கெந்தோ தொண்டையைச் செருமினார். பண்பாடு நமக்குத் தெரிந்ததுதான் என்றார், ஆங்கிலத்தில். ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது, ஒலியை மட்டும் வைத்து உறுதியாக ஏதும் சொல்வதற்கில்லை என்றார். காகிதத்தை ஒரு பக்கம் திருப்பினார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடிதம் எழுதிய நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. வீட்டில் மனைவியும் மகள்களும் மருமகள்களும் தினம் காலையில் அவர் முன்னால் அதே முனகலோடு மண்டியிடுகிறார்கள், அந்த மனிதர் இங்கே உட்கார்ந்து காகிதம் புரட்டுகிறார். ஸ்கோவியாவின் காது மடல்கள் எரிந்தன. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, தரையில் மண்டியிட்டாள்.

திரையில் இப்போது சுவரும் தடுப்பூசி அட்டவணையும் மட்டும் தெரிந்தன. கீழேயிருந்து அவள் குரல் வந்தது, தணிந்து, தாய்மொழியான லுகாண்டாவில்.

"பொழுது எப்படி விடிஞ்சுது, ஐயா?"

"நல்லா விடிஞ்சுது, அம்மா. உனக்கு?" என்றார் செங்கெந்தோ.

"நல்லா, ஐயா."

"ம்ம்."

"ம்ம்."

"உழைப்புக்கு நன்றி, ஐயா."

"ஏஏ. உன் உழைப்புக்கும் நன்றி."

"வீட்ல எல்லாரும் எப்படி?"

"இருக்காங்க. உங்க வீட்ல?"

"இருக்காங்க, ஐயா."

"ம்ம்."

"ஏஏ."

"ம்ம்," என்று இன்னொரு முறை சொன்ன பிறகுதான் பெரியவருக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. கையிலிருந்த காகிதம் மேசைமேல் இறங்கியது.

ஸ்கோவியா எழுந்து உட்கார்ந்தாள். கச்சையைச் சரிசெய்துகொண்டாள். மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தாள்.

"இப்ப ஐயா எனக்கு எத்தனையாவது கேள்விக்கு விடை சொன்னாரு?"

அதிகாரி எதையோ எழுதப் போய் நிறுத்தினான். அதுஹைரே கையை வாய்மேல் வைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா, வேறு எதையாவதா என்று தெரியவில்லை. கடைசியில் செங்கெந்தோதான் வாயைத் திறந்தார்.

"அது வணக்கம்தான், மேடம். நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

அந்த முதல்லயே என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்கோவியாவுக்கு இருந்த கோபம் இரண்டு பங்கானது. அவருக்கு நன்றி சொல்லாமலே திரையை மூடினாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. சந்தேகத்தின் பலன் தேர்வருக்கு அளிக்கப்படுகிறது. அவர் எடுத்த மதிப்பெண் முழுதாகத் திருப்பித் தரப்படுகிறது. முடிவை ஏற்கிறேன் என்ற பொத்தானை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அழுத்தினால் இந்த ஆண்டின் பட்டதாரிப் பட்டியலில் பெயர் சேரும். தவறினால் சேராது. கிஸா அவள் கைப்பேசியைப் பிடுங்கிப் படித்துவிட்டு, சமையலறைக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரு சுற்று ஆடினான். ரெஜினா கைதட்டினாள்.

ஸ்கோவியா கைப்பேசியைத் திருப்பி வாங்கி முதல் வரியைப் பார்த்தாள். அங்கே அது அப்படியே இருந்தது. தேர்வர் மேசைக்கு அடியில் போனார்.

"இதை நான் ஏத்துக்க மாட்டேன்," என்றாள்.

கிஸா ஆட்டத்தை நிறுத்தினான். பட்டம் கைக்கு வந்த பிறகு அந்த ஒரு வரியை எந்தப் பைத்தியக்காரன் படிக்கப் போகிறான் என்று கேட்டான். "நான் படிப்பேன்," என்றாள் அவள். அன்றே நாலு வரியில் பதில் எழுதினாள். மேசைக்கு அடியில் எலி போகும். நான் மண்டியிட்டேன். அந்த வரியை மாற்றுங்கள். மாற்றும்வரை ஏற்க மாட்டேன்.

செவ்வாய் பதில் இல்லை. புதனும் இல்லை. வியாழனன்று கிஸா அவளோடு பேசவே இல்லை. வெள்ளி மதியம் தலைப்பிரசவக்காரி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பிள்ளை புரண்டு கிடந்தது. ஸ்கோவியா கைப்பேசியை மறந்தாள், பட்டியலை மறந்தாள். பிள்ளை அழுது, தாய்க்குத் தையல் போட்டு, கைகழுவித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தபோது நாலரை. ஒரு கடிதம் வந்திருந்தது. முடிவு திருத்தப்பட்டுள்ளது. அதுஹைரே கையெழுத்திட்டிருந்தார். முதல் வரி இப்படி இருந்தது: "தேர்வர் தம் மாமியாருக்கு வணக்கம் சொல்ல மண்டியிட்டார். அது நாற்பத்தேழு நொடி நீடித்தது."

ஒருமுறைதான் படித்தாள். பொத்தானை அழுத்தினாள். பிறகு தொட்டியின் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கிஸாவும் நாலொங்கோவின் ஊருக்குப் போனார்கள். அச்சடித்த கடிதத்தை ஸ்கோவியா கையில் வைத்திருந்தாள். நாலொங்கோ பாயில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஸ்கோவியா மண்டியிட்டாள். பொழுது, உழைப்பு, வீடு, தோட்டம், ஆடு, மழை, ஒன்றையும் விடவில்லை. ம்ம்-களை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நாலொங்கோவும் விட்டுக்கொடுக்காமல் முழுவதற்கும் பதில் சொன்னாள். முடிந்த பிறகு கிஸா கடிதத்தை வாங்கி, லுகாண்டாவில் மாற்றிப் படித்துக் காட்டினான்.

நாலொங்கோவின் கை கொட்டைகளுக்கு நடுவில் நின்றது.

"அதை இன்னொரு தடவை படி."

படித்தான்.

"எத்தனைன்னு போட்டிருக்கு?"

"நாற்பத்தேழு நொடி, அம்மா."

"நாற்பத்தேழு." அவள் இடுப்பில் கையை வைத்து மருமகளைப் பார்த்தாள். "பாத்தியா? நீ அவசரப்படுத்துனேன்னு நான் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. இப்ப பெரிய பள்ளிக்கூடமே எண்ணிப் பாத்து எழுதிக் குடுத்துடுச்சு. கிஸா, அந்தக் காகிதத்த இங்க வச்சிட்டுப் போ. அடுத்த ஞாயிறு கோயில்ல காட்டணும்."

கிஸா நீட்டினான். அது நாலொங்கோவின் கைக்குப் போகும் முன் ஸ்கோவியா பிடுங்கினாள். நாலாக மடித்தாள். இடுப்புக்கச்சைக்குள் ஆழமாகச் செருகினாள்.

"இது என் காகிதம், அம்மா," என்றாள்.

மண்டியிட்டபடியேதான் சொன்னாள்.